சேமிப்புக் கணனிகளைத் துயிற்றலும் எழுப்பலும்



மின்விளக்கை அணைப்பதற்கு ஒரு விரலசைவு போதும். ஏற்றுவதற்கும் அதுவே போதும். ஆனால், ஒரு வைத்தியசாலையின் நோயாளர் பதிவுகளையோ ஒரு திணைக்களத்தின் காணிப் பதிவுகளையோ தாங்கி நிற்கும் கணனிக் கூட்டத்தை அவ்வாறு அணைத்தல் ஆகாது. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அத்தகைய வேளைகளில் இக்கணனிகளை எம்முறையில் நிறுத்துதல் வேண்டும், எம்முறையில் மீண்டும் இயக்குதல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

பெருந்தொகையான தரவுகளை ஒரே கணனியில் வைத்தால், அது பழுதடையும்போது யாவும் போய்விடும். ஆதலின், சேவையகங்கள் எனப்படும் பல கணனிகளை ஒன்றோடொன்று பிணைத்து, ஒவ்வொரு தரவையும் வெவ்வேறு சேவையகங்களில் பிரதி செய்து வைக்கின்றனர். இவ்வகை அமைப்புக்களுள் பெயர்பெற்ற ஒன்று ‘செஃப்’ என்பதாகும். பல கைகளையுடைய கணவாய் இனத்தைக் குறிக்கும் ‘செஃபலோபொட்’ என்னும் சொல்லின் சுருக்கமே அப்பெயர். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான்ரா குரூஸ் வளாகத்தில் ஸேஜ் வைல் என்பார் தம் கலாநிதிப் பட்ட ஆய்வின்போது இதனை உருவாக்கினார். 2006ஆம் ஆண்டில் இதுபற்றிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது.

செஃப் அமைப்பில் பெரும்பாலும் ஒரு தரவுக்கு மூன்று பிரதிகள் உண்டு. அவற்றைக் காக்கும் சேமிப்புப் பகுதிகள் சில செக்கன்களுக்கு ஒருமுறை ஒன்றையொன்று நலம் விசாரிக்கின்றன. வழக்கமான அமைப்பின்படி, 20 செக்கன் வரை மறுமொழி இல்லையெனின் ‘கண்காணிப்பாளர்’ என்னும் பகுதிக்கு முறைப்பாடு செல்லும். பத்து நிமிடம் கடந்தும் மௌனம் நீடித்தால், அப்பகுதி இறந்துவிட்டதென முடிவுசெய்து, அதிலிருந்த தரவுகளை எஞ்சியவை தம்முள் மறுபிரதி செய்யத் தொடங்கும். இதுவே இவ்வமைப்பின் சிறப்பு. பராமரிப்புக்காக நாமே ஒன்றை நிறுத்தும்போது தொல்லை தருவதும் இதுவே. ஏனெனில் உறக்கத்தையும் மரணத்தையும் வேறுபிரித்தறிய அதனால் இயலாது. தேவையற்ற மறுபிரதி வேலை பெருகி, வலையமைப்பும் வட்டுக்களும் திணறும்.

பாடசாலை வரவுப் பதிவேட்டை எண்ணிப் பாருங்கள். விடுமுறைக் கடிதம் தந்துவிட்டு வராதிருக்கும் மாணவனின் பெயரை எவரும் வெட்டுவதில்லை. செஃப் அமைப்பிலும் அத்தகைய கடிதம் உண்டு. ‘நீக்காதே’ என்னும் பொருள்பட அதனை ‘நோஅவுட்’ என்பர். ஒரு சேவையகத்தை மாத்திரம் மீள இயக்க விரும்புவோர், முதலில் பிரதிகள் யாவும் நலமாயுள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும். அடுத்து அக்கட்டளையை இடல் வேண்டும். அதன் பின்னரே அச்சேவையகத்தை முறைப்படி நிறுத்தல் வேண்டும். அது மீண்டெழுந்து, தான் இல்லாதபோது நேர்ந்த மாற்றங்களையெல்லாம் பெற்று நிறைவடைந்த பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். அவசரத்தில் இரண்டை ஒருங்கே நிறுத்தினால், மூன்று பிரதிகளுள் ஒன்றே எஞ்சும் தரவுகள் இருத்தல் கூடும். குறைந்தது இரண்டு பிரதிகளேனும் இயங்கினாலன்றி அத்தரவை வாசிக்கவோ எழுதவோ செஃப் இடங்கொடாது.

கூட்டம் முழுவதையும் நிறுத்துவதாயின் ஒழுங்கு இன்னும் இன்றியமையாதது. முதலில் தரவுகளைப் பயன்படுத்தும் மென்பொருள்களை நிறுத்துக. அடுத்து, நீக்காதே, மறுபிரதி செய்யாதே, இடம் மாற்றாதே என்னும் கட்டளைகளை இடுக. பின்னர்ச் சேமிப்புச் சேவையகங்களையும், இறுதியாகக் கண்காணிப்பாளர்களையும் நிறுத்துக. எழுப்பும்போது இவ்வொழுங்கு தலைகீழாகும்: கண்காணிப்பாளர் முதலில், சேமிப்பு அடுத்து, பயனாளர் கடைசியில். சபைக்குக் கூட்ட நடப்பெண் இருப்பதுபோலக் கண்காணிப்பாளருக்கும் உண்டு. மூவருள் இருவரேனும் கூடாவிடின் எம்முடிவும் எடுக்கப்படமாட்டாது. எந்தத் தரவு எங்குள்ளது என்னும் வரைபடத்தை வைத்திருப்போர் அவர்களே. ஆதலின் அவர்கள் கடைசியில் உறங்கி முதலில் விழித்தல் வேண்டும்.

இவ்வளவு சிரமம் ஏன், மின்னிணைப்பைத் துண்டித்தால் என்ன என்று சிலர் வினவலாம். வட்டுக்கள் பல, வந்த தரவை முதலில் தற்காலிக நினைவகத்தில் ஏற்று, பின்னரே நிரந்தரமாக எழுதுகின்றன. பாதுகாப்பு மின்கலம் இல்லாதவிடத்து, அவ்விடைவேளையில் மின்சாரம் போனால் நினைவகத்திலிருந்தது அழிந்துவிடும். எல்லாப் பிரதிகளுக்கும் ஒரே நேரத்தில் இக்கதி நேர்ந்தால் மூன்று பிரதிகள் இருந்தும் பயனில்லை. மின்தடை ஏற்பட்டதும் மின்கல வழங்கி நமக்குத் தரும் சில நிமிடங்கள், வேலையைத் தொடர்வதற்காக அன்று, ஒழுங்காக நிறுத்துவதற்காகவே என்பதை நினைவிற் கொள்க.

இறுதியாக ஒன்று. பணி முடிந்ததும் இட்ட கட்டளைகளை மறவாது நீக்குதல் வேண்டும். விடுமுறைக் கடிதம் பதிவேட்டிலேயே கிடந்தால், பின்னொருநாள் ஒரு வட்டு உண்மையாகவே இறக்கும்போதும் அது விடுமுறையில் இருப்பதாகவே கொள்ளப்படும். குறைந்த பிரதிக்கு ஈடு செய்யப்படாது. ஆதலின், நிறுத்தும் ஒழுங்கையும் எழுப்பும் ஒழுங்கையும் கடதாசியில் எழுதிக் கணனி அறையின் சுவரில் ஒட்டி வைத்தல் நன்று. மின்சாரம் போன வேளையில் கணனியுள் இருக்கும் குறிப்பை எவராலும் வாசிக்க இயலாதன்றோ!