ஊர் இருந்த இடம்

வொலினியாவில் போலந்துக்காரரும் உக்ரைனியரும் சம்பந்தம் செய்துகொண்ட வீடுகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண் பிள்ளை அப்பாவின் மதம், பெண் பிள்ளை அம்மாவின் மதம். அண்ணன் ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்குப் போவான். தங்கை அம்மாவோடு கத்தோலிக்கத் தேவாலயத்துக்குப் போவாள். கத்தோலிக்கர்களுக்கு டிசம்பர் 25 கிறிஸ்துமஸ், பழைய நாட்காட்டிப்படி மற்றவர்களுக்கு அப்போது ஜனவரி 7. அந்த வீடுகளில் ஒரே குளிர்காலத்தில் பண்டிகை இருமுறை வந்தது. பக்கத்து வீட்டுக்காரரும் இரண்டுக்கும் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

1943-இல் கொலை நுழைந்தது இந்த வீடுகளுக்குள்தான்.

இன்றைய உக்ரைனின் வடமேற்கில் இருக்கும் வொலினியா, முதல் உலகப் போருக்குப் பிறகு போலந்தின் கைக்குப் போனது. 1931 கணக்கெடுப்பின்படி அங்கே மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உக்ரைனியர்கள். போலந்துக்காரர்கள் ஆறில் ஒரு பங்கு. பத்தில் ஒருவர் யூதர். ஆட்சியும் அதிகாரமும் அந்த ஆறில் ஒரு பங்கின் மொழியில் இருந்தன. போலந்தின் முன்னாள் படைவீரர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தி நிலம் கொடுத்தார்கள். பரம்பரையாக நிலத்துக்கு ஏங்கிக் கிடந்த உக்ரைனியக் குடியானவன் அதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். பக்கத்துக் கெவ்ம் வட்டாரத்திலும் தெற்குப் பொத்லாசியாவிலும் 1938-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆர்த்தடாக்ஸ் தேவாலயங்களை அரசே இடித்தது. இந்தக் குறைகள் எல்லாம் உண்மை. ஆனால் இவை மட்டும் கோடாரியைத் தூக்க வைத்திருக்காது.

அதற்குப் போர் வேண்டியிருந்தது. 1939-இல் சோவியத் படை வந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைச் சைபீரியாவுக்கும் கசகஸ்தானுக்கும் ரயிலேற்றியது. 1941-இல் ஜெர்மானியர்கள் வந்தார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் வொலினியாவின் யூதர்கள் ஏறத்தாழ அடியோடு அழிக்கப்பட்டார்கள். ஊர் ஊராகக் குழி வெட்டிச் சுட்ட அந்த வேலையில் உள்ளூர் உக்ரைனியத் துணைக் காவலர்களும் நின்றார்கள். ஒரு சமூகத்தையே சில நாட்களில் ஊரைவிட்டு இல்லாமல் ஆக்கிவிடலாம் என்ற பாடத்தை அவர்கள் கண்ணெதிரே கற்றார்கள். 1943 வசந்தத்தில் அவர்களில் சுமார் 5,000 பேர் துப்பாக்கிகளோடு காட்டுக்குள் போய் உக்ரைனியக் கிளர்ச்சிப் படையில் சேர்ந்தார்கள். அந்தப் படையை நடத்திய, உக்ரைனியத் தேசியவாதிகளான பண்டேரா பிரிவினரின் கணக்கு குரூரமாகத் தெளிவானது: போர் முடிந்ததும் எல்லை வரைவார்கள், அப்போது இந்த மண்ணில் போலந்துக்காரர் இருந்தால் போலந்து உரிமை கொண்டாடும், எனவே அதற்குள் அவர்கள் இருக்கக் கூடாது.

ஸிக்மந்த் ருமெல் என்ற இளம் கவிஞர், வொலினியாவில் வளர்ந்த போலந்துக்காரர், போலந்தின் தலைமறைவு விவசாயிகள் படைக்கு வொலினியாவில் தளபதி. உக்ரைனிய மொழியும் அறிந்தவர். பேசித் தீர்க்கலாம் என்று 1943 ஜூலை 10 அன்று, காவலுக்கு ஆட்களைக் கூட்டிக்கொள்ளாமல், இரண்டே துணைவர்களோடு கிளர்ச்சிப் படையினரைச் சந்திக்கப் போனார். குஸ்திச்சே கிராமத்தில் மூவரையும் கொன்றுவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஊரெல்லாம் பூசைக்குக் கூடியிருக்கும் நாள் என்பதால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நாளில் ஏறத்தாழ நூறு ஊர்கள் தாக்கப்பட்டன. போரிட்ஸ்க் ஊரில் தேவாலயத்துக்குள்ளேயே சுட்டார்கள். கிசெலினில் ஒரு கூட்டம் பாதிரியார் வீட்டு மாடிக்கு ஏறிக் கதவை அடைத்துக்கொண்டது. செங்கற்களை எறிந்தே அவர்கள் இருட்டும்வரை தாக்குப்பிடித்தார்கள். தப்பியவர்களில் ஓர் ஆணும் பெண்ணும் பின்னாளில் இசையமைப்பாளர் க்ஷெசிமிர் தெம்ப்ஸ்கியின் பெற்றோர் ஆனார்கள். துப்பாக்கியைவிடக் கோடாரியும் அரிவாளும் வைக்கோல் அள்ளும் கவைக்கம்பும் அதிகம் பேசிய கொலைகள் இவை. வொலினியாவில் மட்டும் 50,000 முதல் 60,000 பேர். பக்கத்துக் கிழக்கு கலீசியாவையும் சேர்த்தால் ஒரு லட்சம் வரை என்று போலந்து வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். உக்ரைனில் இதை 'வொலின் துயரம்' என்கிறார்கள். புயலோ வெள்ளமோ வந்து போனதற்குத்தான் அந்தச் சொல் பொருந்தும். இது திட்டமிட்டுச் செய்தது.

பழிக்குப் பழி சீக்கிரமே வந்தது. 1944 மார்ச் 10 அன்று போலந்தின் தலைமறைவுப் படையினர் சாஹ்ரின் என்ற உக்ரைனியக் கிராமத்தை எரித்துப் பல நூறு பேரைக் கொன்றார்கள். 1945 மார்ச் 3 அன்று பவ்வோகோமாவில் உக்ரைனியர்களைத் தேவாலயத்தில் அடைத்து, பிறகு இடுகாட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். அங்கே இன்று நிற்கும் நினைவுச்சின்னம் 366 பேரைக் குறிக்கிறது. இரு பக்கத்து எண்ணிக்கையும் சமமில்லை. திட்டத்தின் அளவும் சமமில்லை. சமம் என்று எழுதுவது பொய். ஆனால் வார்சாவிலும் கீவிலும் எத்தனையோ பேர் ஓர் ஊரின் பிணங்களை எடுத்து இன்னோர் ஊரின் பிணங்களுக்குக் கழித்துக்கொள்கிறார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பவ்வோகோமாவின் குழந்தைக்கு வொலினியாவில் என்ன கடன் இருந்தது?

கடைசியில் இரு அரசுகளும் மக்களையே பெயர்த்து எடுத்தன. 1944 செப்டம்பரில் போட்ட ஒப்பந்தப்படி சுமார் 7,80,000 பேர் உக்ரைனிலிருந்து போலந்துக்கும், 4,80,000 பேர் போலந்திலிருந்து உக்ரைனுக்கும் போனார்கள். மிஞ்சியவர்களை 1947 ஏப்ரல் 28-இல் தொடங்கிய 'விஸ்துலா நடவடிக்கை' வாரிக்கொண்டது. உக்ரைனியர்களும் லெம்கோ மலைவாசிகளுமாக 1,40,000 பேரை, ஜெர்மானியர்கள் விட்டுப்போன வடக்கு, மேற்குப் பகுதிகளில் ஓர் ஊருக்குச் சில குடும்பங்கள் என்று சிதறடித்தார்கள். சந்தேகத்துக்கு ஆளானவர்களை அடைத்த யவோஷ்னோ முகாம், நாஜிகளின் ஆஷ்விட்ஸ் துணை முகாமாக இருந்த அதே இடம். லெம்கோ ஓவியர் நிகிஃபோரையும் இப்படித்தான் க்ரினிட்சாவிலிருந்து கொண்டுபோய் விட்டார்கள். பேச்சுத் தெளியாத, உறவில்லாத அந்த மனிதர், போலந்தின் குறுக்கே நடந்தே தன் ஊருக்குத் திரும்பி வந்தார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதை எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். போலந்து ஆய்வாளர் ரோமுவால்ட் நியெஜியெல்கோ, எல்லைப்புறத்தில் போலந்துக்காரர்களைக் காப்பாற்றிய உக்ரைனியர்களை ஊர் ஊராகத் தேடி 2007-இல் ஒரு நூலாக்கினார். இரவில் வந்து 'இன்றைக்கு வீட்டில் தூங்காதே' என்று சொன்னவர்கள், தானியக் களஞ்சியத்தில் ஒளித்தவர்கள், அநாதையான பிள்ளையைத் தன் பிள்ளை என்று சொன்னவர்கள். 1,341 பேர். அவர்களில் 384 பேரை அதற்காகவே சொந்த இனத்தவர் கொன்றார்கள். இந்த 384 பேருக்கு எந்த நாட்டின் அரசியலிலும் சரியான இடமில்லை.

போலந்து நாடாளுமன்றம் 2016-இல் வொலினியாக் கொலைகளை இனப்படுகொலை என்று அறிவித்தது. 2017-இல் போலந்தின் ஹ்ருஷோவிட்சே ஊரில் உக்ரைனியக் கிளர்ச்சிப் படையின் நினைவுச்சின்னம் இடிக்கப்பட்டதும், கொல்லப்பட்ட போலந்துக்காரர்களின் எலும்புகளைத் தன் மண்ணில் தோண்டி எடுக்க உக்ரைன் தடை போட்டது. 2022-இல் ரஷ்யா படையெடுத்தபோது லட்சக்கணக்கான உக்ரைனியத் தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் போலந்து மக்கள் வீட்டைத் திறந்துவிட்டார்கள். அப்போதும் அந்தத் தடை நீங்கவில்லை. 2024 நவம்பரில்தான் இரு வெளியுறவு அமைச்சர்களும் கைகோத்து வழிவிட்டார்கள்.

முதலில் தோண்டிய இடங்களில் ஒன்று தெர்னோபில் வட்டாரத்தில் புஷ்னிகி. 1945 பிப்ரவரி 12 இரவு தாக்கப்பட்ட போலந்துக் கிராமம். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். ஊர் இப்போது இல்லை. வீடுகள் நின்ற இடத்தில் மரம் வளர்ந்துவிட்டது. 2025 வசந்தத்தில் இரு நாட்டு நிபுணர்களும் சேர்ந்து அந்த மண்ணைத் தோண்டினார்கள். குறைந்தது 42 பேரின் எலும்புகள் கிடைத்தன. உறவினர்களிடம் மரபணு மாதிரி வாங்கி ஒப்பிட்டார்கள். செப்டம்பர் 6 அன்று, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, போலந்திலிருந்து பேருந்துகளில் வந்த குடும்பத்தினர் முன்னிலையில், மரங்களுக்கு நடுவே இருந்த பழைய இடுகாட்டில் அவர்களைத் தனித்தனிச் சவப்பெட்டிகளில் அடக்கம் செய்தார்கள்.