கவ்வி வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா பகுதிகளில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு விறகு கொடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் சிலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது: "நானா, சின்ன டிரக்டருக்கு முன்னால் பூட்டுகிற கவ்வி ஒன்று எடுக்கலாமா?"

கிராப்பல் எனப்படும் இக்கவ்வி, நண்டுக் கொடுக்கைப் போல மரத்தை இறுகப் பிடித்துத் தூக்கும். தேயிலை உலர்த்தும் அடுப்புக்குப் பல தொழிற்சாலைகள் விறகையே நம்பியிருக்கின்றன. ஈர யூக்கலிப்டஸ் தடியைத் தோளில் சுமப்பது முதுகை ஒடிக்கும் வேலை. ஆட்களும் குறைந்து வருகிறார்கள். ஆகவே தேவை உண்மையானதுதான். ஆனால் கவ்வியின் அளவைப் பார்த்து மயங்கக் கூடாது என்பதே என் அபிப்பிராயம்.

முதலாவது, எடை. உங்கள் டிரக்டரின் முன் லோடர் 600 கிலோ தூக்கும் என்று வைத்துக்கொள்வோம். கவ்வி 200 கிலோ என்றால் மரத்துக்கு மிஞ்சுவது 400 கிலோதான். 3 மீற்றர் நீளம், 30 சென்றிமீற்றர் குறுக்களவுள்ள பச்சைத் தடி ஒன்று ஏறத்தாழ 200 கிலோ வரும். ஆக, இரண்டு தடிகளோடு கணக்கு முடிந்தது. கவ்வி பூட்டும் முனையில் அளந்த எடையைத்தான் விற்பனையாளர் சொல்லுவார்; பாரம் அதற்கு முன்னால் தள்ளி நிற்கும்போது தூக்கும் சக்தி இன்னும் குறையும். வெல்டிங் கடையில் செய்வித்தால் மலிவு. இரும்பு கனத்தால் அந்த இலாபமும் போய்விடும்.

இரண்டாவது, ஹைட்ரோலிக். சாதாரண லோடருக்கு உயர்த்தவும் சரிக்கவும் மட்டுமே எண்ணெய்க் குழாய்கள் உண்டு. கவ்வியைத் திறந்து மூட மூன்றாவது வால்வும் தனிக் குழாய்களும் வேண்டும். அவை விலைக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது, வேலையின் தன்மை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மலையகத்தில் ஏற்பட்ட மண்சரிவுகளை மறந்திருக்க மாட்டீர்கள். பாதையில் விழுந்த மரம், வேர் அகற்றுவதற்குப் பற்கள் இடைவெளியுள்ள கவ்வி நல்லது. மண் கீழே உதிர்ந்துவிடும். இரண்டு மேல்தாடைகள் தனித்தனியே மூடுவதாயின் கோணல் மரமும் பிடிபடும்.

எல்லாவற்றிலும் பெரியது உயிர். பின்புறம் எதிர்ப்பாரம் கட்டாயம். பாரத்தைத் தரையோடு ஒட்டித் தாழ்வாகக் கொண்டுபோக வேண்டும். மேட்டில் முன்னோக்கி ஏறி, பின்னோக்கி இறங்க வேண்டும். சரிவுக்குக் குறுக்கே ஓட்டவே கூடாது. கவிழ்வுத் தடுப்புச் சட்டமும் ஆசனப் பட்டியும் இல்லாத டிரக்டருக்கு இந்த வேலை வேண்டாம். தேயிலை மலைக்குள் இறக்காமல், தொழிற்சாலை விறகு முற்றத்திலும் பாதையோரத்திலும் பாவிப்பதே புத்தி.

கடைசியாக, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவ மழையில் ஹட்டன் பக்கம் வேலை தடைப்படும். தவணைப் பணம் தடைப்படாது. மாதத்தில் எத்தனை நாள் வேலை இருக்கும் என்று எழுதிப் பாருங்கள். நாட்கள் குறைவாயின் இரண்டு மூன்று பேர் கூட்டாக வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள்.