புத்தூர் மந்தைக்கு ஒரு லேன் கேபிள்

திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. அதே புத்தூரில்தான் குழுமாயி அம்மன் திருவிழாவும் நடக்கிறது. விழாவின் முக்கிய நிகழ்ச்சியான குட்டி குடித்தலன்று, ஊர்ப் பொதுவெளியான மந்தையில் நெருக்கியடிக்கும் கூட்டத்துக்கு அறிவிப்பு கேட்க வேண்டும். வார்டில் படுத்திருப்பவர் காதில் அது விழக் கூடாது. மைக் செட்காரருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைக்க முடியாது.

நம் ஊர்களில் இதற்குப் பழகிப்போன வழி ஒன்றுதான். மேடையோரம் பாக்ஸ்களை ஆளுயரத்துக்கு அடுக்கு, கடைசி ஆளுக்குக் கேட்கும்வரை ஏற்று. கணக்கு என்ன சொல்கிறது? திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் இறங்கும். 64 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 80 டெசிபல் கிடைக்க வேண்டுமென்றால், பாக்ஸுக்கு ஒரு மீட்டர் முன்னால் 116 டெசிபல் இருக்க வேண்டும். நான்கு மீட்டரில் பேரனை மடியில் வைத்திருக்கும் பாட்டிக்கு 104. இதையே 16 மீட்டருக்கு ஒன்றாக நான்கு சின்ன ஸ்பீக்கர்களாகப் பிரித்துவிட்டால், ஒவ்வொன்றும் ஒரு மீட்டரில் 104 கொடுத்தால் போதும், பாட்டிக்கு 92தான். 12 டெசிபல் குறைந்தால் ஒலியின் திறன் பதினாறில் ஒரு பங்காகிவிடும். நான்கு ஸ்பீக்கரையும் சேர்த்துப் பார்த்தாலும் செலவாவது பழையதில் கால்வாசி. மருத்துவமனைப் பக்கம் வழியும் சத்தமும் மட்டுப்படும்.

பிரித்தால் வேறு வம்பு வரும். மாலைச் சூட்டில் காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். வயரில் மின்சாரத்துக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டே இல்லை. ஆகவே 48 மீட்டர் தள்ளிக் கட்டிய ஸ்பீக்கர் முதலில் பேசிவிடும். மேடைக் குரல் 137 மில்லி விநாடி கழித்து வந்து சேரும். காணாமல்போன குழந்தையின் பெயர் இரண்டு தரம் கேட்டு, ஒரு தரமும் புரியாமல் போவது இதனால்தான். தள்ளியிருக்கும் ஸ்பீக்கரை அந்த 137 மில்லி விநாடி காக்க வைக்க வேண்டும். அதற்கு மேல் இன்னும் 10 மில்லி விநாடி கூட்டி வைத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். சத்தம் பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து வந்தாலும், மேடையிலிருந்து வருவதாகவே காது நம்பும். முதலில் எட்டும் ஒலியின் திசையையே காது பிடித்துக்கொள்கிறது என்பதை ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் 1949இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் விளக்கினார்.

டிலே எனப்படும் இந்தக் காக்கவைக்கும் வேலைக்குத்தான் துண்டு துண்டாகச் சேர்த்துக்கொள்ளும் டிஜிட்டல் மிக்ஸர் அமைப்பு தோதானது. மேடையருகே ஒரு ஸ்டேஜ் பாக்ஸ். அது மைக் ஒவ்வொன்றின் ஒலியையும் விநாடிக்கு 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட் எண்ணாக்கும். ஒரு மைக்குக்கு விநாடிக்கு 11.52 லட்சம் பிட். 32 மைக்குக்கும் சேர்த்து 3.7 கோடி கூட ஆகாது. சாதாரண கிகாபிட் லேன் கேபிள் 100 கோடி சுமக்கும். கட்டைவிரல் தடிமனில் மூச்சுவாங்கத் தூக்கி வந்த மல்டிகோர் வயருக்கு வேலை போய்விட்டது. சிட்னியின் ஆடினேட் நிறுவனம் 2006இல் கொண்டுவந்த டான்டே போன்ற முறைகள் இதைத் தொழில் வழக்கமாக்கின. செம்புக் கேபிள் 100 மீட்டருக்கு மேல் செல்லாது. மந்தையின் அந்தக் கோடிக்கு வேண்டுமானால் ஃபைபர்.

பெட்டிகளை வாங்குவது சுலபம். பேச வைப்பதில்தான் ஆட்கள் திணறுகிறார்கள். எந்த மைக் எந்தச் சேனலுக்கு, எந்தச் சேனல் எந்த ஸ்பீக்கருக்கு என்பது இனி வயரில் தெரியாது, திரையில் ஒரு கட்டத்தில் இருக்கும். அதைப் பேட்ச் என்பார்கள். காகிதத்தில் எழுதாமல் திரையில் கைவைப்பவர், மந்திரம் சொல்பவரின் மைக்கைத் தவில் சேனலில் தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்தது கிளாக். எல்லாப் பெட்டியும் ஒரே தாளத்தில் அளக்க வேண்டும். ஒன்று தலைமை, மற்றவை அதைப் பின்பற்றுபவை. இரண்டு பெட்டி தனித்தனித் தாளம் போட்டால்? படிகக் கடிகாரங்களுக்குள் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் சாதாரணம். 48,000இல் அது விநாடிக்கு ஏறக்குறைய ஓர் அளவு. அந்த ஓர் அளவு வழுக்கும்போதெல்லாம் ‘டிக்’ என்று கேட்கும். மைக்கை மாற்றுவார்கள், வயரை மாற்றுவார்கள், கரண்டைத் திட்டுவார்கள். குற்றவாளி ஒரு மெனுவுக்குள் உட்கார்ந்திருக்கும்.

மைக்கின் ஒலியை முதலில் ஏற்றும் அளவான கெயினைச் சொல்லாமல் விட முடியாது. பழைய ஆம்ப்ளிஃபையர் அளவு மீறினால் கொஞ்சம் கரகரத்து எச்சரிக்கும். டிஜிட்டலில் உச்சத்தைத் தாண்டியது கத்தியால் வெட்டியதுபோல் போய்விடும்; பின்னால் ஃபேடரைக் குறைத்தாலும் திரும்பாது. வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் விழும் வேகத்துக்கு மீட்டரின் முள்ளே பிந்தும். ஆகவே தவில்காரரிடம், “அண்ணே, தனியில வாசிக்கிற மாதிரியே அடிங்க” என்று கேட்டு, சராசரி உச்சத்துக்கு 18 டெசிபல் கீழே நிற்கும்படி வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஒலிச் சோதனையில் யாரும் முழுக் கையால் அடிப்பதில்லை என்பது என் அனுபவம்.

டிலே, பேட்ச், கெயின் எல்லாவற்றையும் ஒரே ‘சீன்’ ஆகச் சேமித்து வைத்தால் அடுத்த ஆண்டு ஒரு தொடுதலில் திரும்பும். ஸ்பீக்கர் கட்டிய கம்பத்தை இடம் மாற்றினால் மட்டும் டிலேயை மறுபடி அளக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி அரசு அறிவித்தால் மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே ஒலிபெருக்கி கூடாது. இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொது இடங்களில் பொதுவாகத் தடை. எந்த மிக்ஸரும் இந்த விதிக்கு மாற்றாகாது. விழாக் குழுவினர் மைக் செட் பேசும்போது எத்தனை வாட் என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். எத்தனை இடத்தில் ஸ்பீக்கர், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லி விநாடி டிலே என்றும் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மருத்துவமனைச் சுவரிலிருந்து ஒரு டேப்பைப் பிடித்து அளந்துவிடுங்கள்.