மின்சார டிராக்டரும் ஆளில்லா டிராக்டரும்: சிறு விவசாயிக்கு எது ஆதாயம்?

டீசலின்றி மின்சாரத்தில் ஓடும் டிராக்டர், ஓட்டுநரின்றித் தானே உழும் டிராக்டர், தான் நிற்கும் இடத்தையும் ஓடிய நேரத்தையும் செல்போனுக்குத் தெரிவிக்கும் டிராக்டர் என மூன்று புதுமைகள் வந்துள்ளன. ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு இவற்றில் எது பயன்படும், எதில் எச்சரிக்கை தேவை என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

மின்சார டிராக்டர்

பஞ்சாபில் ஹோஷியார்பூரைச் சேர்ந்த சோனாலிகா நிறுவனம் 2020 டிசம்பரில் 'டைகர் எலெக்ட்ரிக்' என்ற சிறிய டிராக்டரை அறிமுகம் செய்தது. அதன் பேட்டரி 25.5 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்கும். வீட்டு இணைப்பில் சார்ஜ் ஏற 10 மணி நேரமும், விரைவு சார்ஜரில் 4 மணி நேரமும் ஆகும். 2 டன் பாரமுள்ள டிரெய்லரை 8 மணி நேரம் இழுக்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. துர்காப்பூரில் உள்ள மத்திய அரசின் இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையமும் 2023-ல் ஒரு சிறிய மின்சார டிராக்டரை வெளியிட்டது.

ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 யூனிட் ஆற்றல் உண்டு. ஆனால் எஞ்சினில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறும். மீதி வெப்பமாக வீணாகும். மின் மோட்டாரில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வேலைக்கு வரும். எனவே 25 யூனிட் பேட்டரி சுமார் 7 லிட்டர் டீசலின் வேலையைச் செய்யும். அதை நிரப்ப, இழப்பையும் சேர்த்து 30 யூனிட் வரை பிடிக்கும். அவரவர் ஊர் டீசல் விலையையும் மின் கட்டணத்தையும் வைத்து மிச்சத்தைக் கணக்கிடலாம். எஞ்சின் ஆயில் மாற்றும் செலவும் இல்லை, புகையும் இல்லை.

குறையும் உண்டு. 15 குதிரைத்திறன் மோட்டாரை முழுத் திறனில் ஓட்டினால் இந்த அளவு பேட்டரி இரண்டரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஈரம் காயுமுன் உழுது முடிக்க வேண்டிய நாளில் சார்ஜ் ஏறும் வரை காத்திருக்க முடியாது. ஆகவே களையெடுப்பு, தோப்பில் மருந்தடிப்பு, விளைபொருள் ஏற்றிச் செல்வது போன்ற இலகுவான வேலைகளுக்கே இது ஏற்றது. தமிழ்நாட்டில் பம்ப்செட்டுக்குத் தரும் இலவச மின்சாரம் பாசனத்துக்கு உரியது. அதில் டிராக்டரைச் சார்ஜ் செய்யலாம் என்று கணக்குப் போடக்கூடாது.

ஆளில்லா டிராக்டர்

அமெரிக்காவின் ஜான் டியர் நிறுவனம் 2022 ஜனவரியில் ஓட்டுநரில்லா டிராக்டரை அறிவித்தது. ஆறு ஜோடி காமிராக்கள் சுற்றிலும் பார்க்கும். குறுக்கே ஏதேனும் தென்பட்டால் டிராக்டர் நின்றுவிடும். இது பெரும் பண்ணைகளுக்கான இயந்திரம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 எக்டர். வரப்பும் கிணறும் நிறைந்த துண்டு நிலத்தில் திருப்புவதிலேயே நேரம் போய்விடும்.

இத்தகைய இயந்திரங்களுக்குச் செயற்கைக்கோள் வழிகாட்டுகிறது. 2024 மே மாதம் வீசிய சூரியப் புயலால் அந்தச் சமிக்ஞை குழம்பியது. அதை நம்பியிருந்த அமெரிக்க விவசாயிகள் பலர் விதைப்பு நேரத்தில் வேலையை நிறுத்த நேர்ந்தது.

செல்போன் இணைப்பு

வாடகைக்கு டிராக்டர் விடுபவருக்கு இது நல்ல உதவி. எத்தனை மணி நேரம் ஓடியது என்பதில் தகராறு வராது, திருட்டும் குறையும். 2022-ல் உக்ரைனின் மெலிடோபோல் நகரில் களவு போன அறுவடை இயந்திரங்கள் தொலைவிலிருந்தே முடக்கப்பட்டன. ஆனால் பூட்டும் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை வாங்குபவர் யோசிக்க வேண்டும். நிறுவனத்தின் கம்ப்யூட்டர் இல்லாமல் பழுது பார்க்க முடியாத இயந்திரம், அவசர நாளில் கொட்டகையில் முடங்கிக் கிடக்கும். இதனால்தான் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், பழுது பார்க்கும் விவரங்களையும் கருவிகளையும் விவசாயிகளுக்குத் தர வேண்டும் என்று 2023-ல் சட்டம் இயற்றியது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

1. பேட்டரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம்? மாற்ற என்ன விலை? பதிலை எழுத்தில் பெற வேண்டும்.
2. அருகில் பழுது பார்ப்பவர் உண்டா? உதிரிப் பாகங்கள் கிடைக்குமா?
3. வீட்டு இணைப்பு சார்ஜருக்குத் தாங்குமா? மின் அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.
4. சொந்த நிலத்தில் ஒருநாள் ஓட்டிக் காட்டுவார்களா?

சிறு விவசாயி கடன் பட்டு அவசரமாக வாங்க வேண்டியதில்லை. நாலைந்து பேர் கூட்டாக வாங்கினாலும், வாடகைக்கு எடுத்துப் பார்த்தாலும் நஷ்ட பயம் குறையும். ஆண்டில் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்ற கணக்கே முதலில் பார்க்க வேண்டியது.