ஐஸில் தூங்கும் பூசணம்

"ஃபிரிட்ஜுக்குள்ளேதானே இருந்தது! அது எப்படிப் பூசணம் பிடிக்கும்?"

ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டு இப்படிக் கேட்காத இல்லத்தரசி உண்டா? குளிர் பூசணத்தைக் கொல்வதில்லை, தூங்கத்தான் வைக்கிறது. எத்தனை காலம் தெரியுமா? லட்சக்கணக்கான வருஷம்!

சைபீரியாவின் வடகிழக்கே கோலிமா பகுதியில், கோடையில் மேல்மண் மட்டும்தான் இளகும். அதற்குக் கீழே உருகாத உறைமண். ஆழத் துளைபோட்டு எடுத்த அந்த மண்ணில், பெனிசிலியம் வகைப் பூஞ்சைகள் உயிரோடு கிடந்தன. ரஷ்யாவின் புஷ்சினோ நகரத்திலுள்ள ஸ்க்ரியாபின் ஆராய்ச்சி நிலையத்தார் அவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். கண்விழித்த பூஞ்சைகள் சும்மா இருக்கவில்லை. ஆல்கலாய்டு தயாரிக்க ஆரம்பித்துவிட்டன!

ஆல்கலாய்டு என்றதும் பயந்துவிடாதீர்கள். காலைக் காபியிலுள்ள காஃபீனும், மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னாவும் அந்த ஜாதிதான். கொஞ்சம் உள்ளே போனாலும் உடம்பை ஆட்டிவைக்கும் பொருள்கள் இவற்றில் பல உண்டு. உறைமண் பூஞ்சைகள் சில தயாரிப்பது, 'எர்காட்' குடும்பத்து ஆல்கலாய்டுகள்.

இந்தக் குடும்பத்துக்கும் நமக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. ஐரோப்பாவில் ரை என்ற தானியக் கதிரில் வளரும் எர்காட் பூஞ்சை, ரொட்டி மாவில் கலந்து எத்தனையோ பேருக்குக் கைகாலை அழுகவைத்தது. அதே பூஞ்சையிலிருந்து 1935-ல் பிரித்தெடுத்த எர்கோமெட்ரின் என்ற மருந்தோ, பிரசவம் ஆனதும் கருப்பையைச் சுருங்கவைத்து, உதிரப்போக்கை நிறுத்தி, தாய்மார்களைப் பிழைக்க வைத்தது. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. டாக்டர் பார்த்துத்தான் கொடுப்பார்.

நம் ஊர்க் கம்பிலும் எர்காட் வரும். கதிரில் தேன்போல ஒழுகி, பிறகு கறுத்த கட்டியாகிவிடும். அது கலந்த கம்பைச் சாப்பிட்டால் குமட்டல், வாந்தி, தலைசுற்றல்! சந்தேகமாக இருந்தால், 10 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ உப்பைக் கரைத்து, கம்பைக் கொட்டிக் கிளறுங்கள். கட்டிகள் மிதக்கும். அவற்றை அள்ளி எறிந்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிக் காயவையுங்கள்.

பூசணம் பிடித்த ரொட்டியை மட்டும், "மேலே சுரண்டிட்டா போச்சு" என்று குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள். பூசணம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் ஓடியிருக்கும். சூடு பண்ணினாலும் பூசண நஞ்சுகள் பல போவதில்லை. லட்சம் வருஷக் குளிரில் சாகாதது, உங்கள் ஃபிரிட்ஜில் நாலு நாளில் செத்துவிடுமா? தயங்காமல் தூக்கிப் போடுங்கள்!