கறளுக்குள் இருக்கும் உப்பு

முப்பத்தொரு வருடம் தீவகத்துப் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். உப்புத் தண்ணீருக்குள் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் ஒரு துளி விட்டால் பால் விட்டதுபோலக் கலங்கும் என்று எத்தனையோ வகுப்புகளுக்குச் செய்து காட்டியிருக்கிறேன். அதே துளியை என் வீட்டு முற்றத்தில் கார் கழுவிய தண்ணீருக்குள் விட்டுப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் மட்டும் ஒரு வருடம் பிந்தித்தான் வந்தது. அதற்குள் ஒரு வருட வேலை பாழாய்ப் போயிருந்தது.

கார் பெரியப்பாவினது. 1955ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். இரண்டு கதவு, நடுவில் சட்டம் ஓடுகிற இரட்டை முன்கண்ணாடி, 803 சீசீ எஞ்சின். இலக்கத்தகட்டில் ஸ்ரீ எழுத்து இல்லை, அது வருவதற்கு முன்னமே பதிந்த கார். பொனற்றின் நடுவே கையால் தடவினால் மூக்கிலிருந்து கண்ணாடிவரை தட்டையான ஒரு பட்டை தட்டுப்படும். இந்தக் காரை வரைந்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று அதை நெடுக்காகப் பிளந்து, இரண்டு பாதியையும் விலக்கி வைத்துப் பார்த்தார். நாலு அங்குலம் விலகியபோது கண்ணுக்குச் சரியாகப்பட்டது. அந்த நாலு அங்குலம்தான் பொனற்றில் பட்டையாக நிற்கிறது. 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்து, 1972வரை ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் செய்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் இவ்வளவு காலம் எப்படி நின்று பிடித்தன என்று வெளியூர்க்காரர் கேட்பதுண்டு. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, மண்ணெண்ணெயிலும் ஓடக்கூடிய கார்களாக இவை இருந்தன. மைனரின் எஞ்சினில் அமுக்க விகிதம் குறைவு, 7.2க்கு 1. அதனால் மட்டமான எரிபொருளையும் ஓரளவு தாங்கும். இன்னொன்று, காபரேற்றரில் இருந்து வருகிற குழாயும் புகை வெளியேறுகிற குழாயும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒட்டினாற்போல இருக்கின்றன. புகையின் சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்கிக் கொடுக்கும். ஆனால் எஞ்சின் சூடாகும்வரை மண்ணெண்ணெய் பற்றாது. பெரியப்பா ஒரு சின்னப் போத்தலில் பெற்றோலைப் பொன்போல வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி விட்டு, முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றி ஸ்ராட் பண்ணுவார். கொக்குவிலில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைத்தாய்ச்சிகளை ஏற்றிப்போன கார் அது. கண்ணைக் கரிக்கிற அந்த வெள்ளைப் புகை எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கொடிகாமம் போய், அடுத்த வருடம் திரும்பியும் வந்தது.

தடையையும் ஷெல்லடியையும் தாண்டி வந்த காரை நான்தான் கெடுத்தேன். பெரியப்பா காலமானபின் 2012இல் பண்ணைப் பாலத்தால் வேலணைக்குக் கொண்டுவந்து, கடற்கரைப் பக்கம் திறந்த கொட்டிலில் விட்டேன். ஓய்வு பெற்றதும் திருத்துவோம் என்ற நினைப்பு. எட்டு வருடம் நின்றது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி மட்டும் சோளகம் அடிக்கும். அந்தக் காற்றில் நாக்கை நீட்டினால் கரிக்கும்.

2020இல் ஓய்வு கிடைத்தது. அடித்தளத்தைக் கிணற்றுத் தண்ணீரால் நன்றாகக் கழுவினேன். கம்பித் தூரிகையால் கறளைத் தேய்த்து, கறள்தடுப்புப் பூச்சு அடித்து, மேலே பெயின்றும் அடித்து முடித்தேன். நாலாவது மாதம் பெயின்ற் கொப்பளித்தது. நகத்தால் ஒரு கொப்பளத்தைக் கிள்ளினேன். உள்ளே மண்ணிறத் தண்ணீர் ஒரு பொட்டு. வெளியே மழையே இல்லை, தண்ணீர் எங்கிருந்து வந்தது?

அன்றைக்குத்தான் அந்தத் துளியை விட்டுப் பார்த்தேன். உரித்த இடத்தைக் கழுவிய தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. சந்தேகப்பட்டு எங்கள் கிணற்றுத் தண்ணீரில் ஒரு துளி விட்டேன். அதுவும் கலங்கியது.

இரும்பு கறள் பிடிக்கத் தண்ணீரும் ஒட்சிசனும் போதும். உப்புச் சேர்ந்தால் தண்ணீர் மின்னை நன்றாகக் கடத்தும், அரிப்பு வேகம் பிடிக்கும். அதைவிடக் கெட்டது, உப்பு கறளுக்கு அடியில், தகட்டின் பள்ளங்களுக்குள் போய் இருந்துகொள்ளும். காற்றில் இருக்கிற ஈரத்தைத் தானே இழுக்கும். மேலே எத்தனை பூச்சு அடித்தாலும் கீழே வேலை நடந்துகொண்டே இருக்கும். கறளைத் தேய்த்தால் போதாது, உப்பைக் கழுவி எடுக்கவேண்டும். அதையும் உப்பில்லாத தண்ணீரால் கழுவவேண்டும்.

தீவில் அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது? இங்கே ஆறில்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கிற கடல்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கொஞ்சம் கூட இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். வேலணையிலும் புங்குடுதீவிலும் குடிதண்ணீர் பவுசரில் வருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீரைக் காருக்கு ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. மாரியைப் பார்த்திருந்தேன். 2021 ஐப்பசியில் கொட்டில் கூரைத் தகரத்துக்குப் பீலி வைத்து, ஆயிரம் லீற்றர் ராங்கி இரண்டை நிரப்பினேன். முதல் மழையை ஓடவிட்டேன், கூரையிலும் உப்புப் படிந்திருக்கும். பிறகு பிடித்த தண்ணீரில் துளி விட்டால் கண்ணாடிபோலத் தெளிவாக நின்றது.

வெல்டிங்குக்கு ஊர்காவற்றுறையில் இருந்து ஒரு தம்பி வந்தார். கேற்றும் கிறிலும் செய்கிறவர், காரில் கைவைத்தது குறைவு. ஆனால் காது நல்ல காது. சின்னச் சுத்தியலால் கதவுக்குக் கீழே தட்டிக்கொண்டு போனார்.

“கேட்டீங்களோ மாஸ்ரர்? இதுவரைக்கும் தகடு. இனி தகடில்லை.”

அவர் நிறுத்திய இடத்தில் முன்னொரு காலம் யாரோ ஓட்டைக்குமேல் படகுக்கு ஒட்டுகிற பைபரை ஒட்டி, மேலே பெயின்ற் அடித்திருந்தார்கள். தீவில் பைபர் எல்லோர் வீட்டிலும் கிடக்கும், அதனால் செய்திருப்பார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பைபர் அழுகாது, ஆனால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். அதை உரித்தபோது கறள் வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காகக் கழன்று, என் உள்ளங்கை நிறையக் கொட்டியது. நனைந்திருந்தது. பங்குனி வெயிலில்!

மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது. தளமும், கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டியும், சுவரும் சேர்ந்ததுதான் எலும்பு. அந்தப் பெட்டியை வெட்டினால் கார் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு பூட்டாது. ஆகவே கீழே பனங்குற்றிகளால் முட்டுக் கொடுத்தோம். கதவு வாசலுக்குள் இரும்பு அங்கிளைக் குறுக்கே வைத்து இறுக்கினோம். ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மற்றப் பக்கத்தை வெட்டினோம். தகடு ஒரு மில்லிமீற்றர் அளவுதான். நெடுக ஒட்டினால் சூட்டில் நெளிந்துவிடும். ஒரு புள்ளி இங்கே, அடுத்தது ஒரு சாண் தள்ளி, ஆறவிட்டு மறுபடி இடையில் என்று ஒட்டவேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒன்பது நாள் எடுத்தது. 1990களில் தென்னிலங்கையில் மைனருக்குத் தகட்டுப் பகுதிகள் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினார்கள் என்று தம்பிக்குச் சொன்னேன். பாத் நகரில் மைனர் திருத்தகம் நடத்திய சார்ள்ஸ் வெயர் அதற்குத் துணை நின்றார். “அப்ப எங்கட கையாலயும் ஏலும்,” என்றார் தம்பி.

கழற்றக்கூடிய சாமான்களை, பிணைச்சல்கள், தாங்கிகள், கொக்கிகள் எல்லாவற்றையும், மின்பகுப்பில் போட்டேன். இது வீட்டிலேயே செய்யலாம். பிளாஸ்ரிக் பீப்பாவில் மழைத்தண்ணீர், கொஞ்சம் சலவைச் சோடா. கறள் பிடித்த சாமானைப் பற்றரி சார்ஜரின் மறை முனையிலும், பழைய இரும்புத் தகடொன்றை நேர் முனையிலும் கொழுவவேண்டும். இரண்டும் முட்டக்கூடாது. எவர்சில்வரைப் போடவே கூடாது, நஞ்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். குமிழியாக ஐதரசன் வரும், ஆகவே திறந்த வெளியில், நெருப்புக்குத் தூரமாக வைத்து, கரண்டை நிறுத்திவிட்டே கைவைக்கவேண்டும். கடலடியில் இருந்து எடுத்த பீரங்கிகளின் உப்பை நூதனசாலைக்காரர் இப்படித்தான் இழுத்தெடுக்கிறார்கள். அவர்களுக்கு மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் ஆகும்.

காரின் பொடியைப் பீப்பாவில் போடமுடியாது. அதைச் சுடவைத்த மழைத்தண்ணீரால் கழுவினேன். கழுவி, வழிந்ததை வெள்ளைக் கோப்பையில் ஏந்தி, நைத்திரிக்கமிலம் ஒரு துளி, வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி. முதல் கழுவலில் பால். மூன்றாவதில் புகைபோல ஒரு மங்கல். ஆறாவதில் தெளிவு. அன்றைக்கே காயவைத்து, பொழுது சாய முன்னம் துத்தநாகம் கலந்த பூச்சை அடித்து முடித்தோம். ஒரு இரவு வெறுமையாக விட்டாலும் தகடு சிவந்துவிடும். உள்ளறைகளுக்குக் கரையோர ஐயா ஒருவர் தந்த சுறா எண்ணெயை விசிறினேன். பழைய மரவள்ளங்களுக்குப் பூசியது அது. மணம் போக மூன்று மாதம் சென்றது.

2022இல் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது நாங்கள் கதவு பொருத்திக்கொண்டிருந்தோம். அடுத்த வருடம் தையில்தான் பற்றரி கொழுவினேன். இந்தக் காரில் நேர் முனை பொடிக்குப் போகும், இன்றைய கார்களுக்கு எதிர். சாவியைத் திருப்பியதும் பொனற்றுக்குள் பெற்றோல் பம்ப் டிக், டிக், டிக் என்று அடித்து, நிரம்பியதும் நின்றது. பெரியப்பாவின் முற்றத்தில் சின்ன வயதில் கேட்ட சத்தம். நான் உடனே ஸ்ராட் பண்ணவில்லை. நிறுத்திவிட்டு இன்னொருதரம் திருப்பிக் கேட்டேன்.

இப்போது கிழமைக்கு ஒருக்கால் குறிகட்டுவான் போய்வருகிறேன். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறுகிற சனம் காரைச் சுற்றிநின்று பார்ப்பார்கள். போன ஆனியில் புங்குடுதீவுப் பாலத்தைக் கடக்கும்போது சோளகம் அலையை அள்ளித் தெருவில் வீசியது. வீட்டுக்கு வந்ததும் படங்கை விரித்து, படுத்துக்கொண்டு அடிப்பக்கம் முழுக்கக் கழுவினேன். கதவுக்குக் கீழுள்ள பெட்டியின் வடிதுளையால் சொட்டிய தண்ணீரைக் கோப்பையில் பிடித்துத் துளி விட்டேன். வெள்ளை. ராங்கியில் கால்வாசிதான் இருந்தது, மாரிக்கு இன்னும் நாலு மாதம். அரை வாளி எடுத்துவந்து இன்னொருமுறை ஊற்றினேன். பிறகும் ஒரு அரை வாளி. அதில் தெளிந்தது.