காற்றழுத்தத் தடுப்பியில் அழுத்த இழப்பு

காற்றழுத்தத் தடுப்பி (ஏர் பிரேக்) என்பது அமுக்கப்பட்ட காற்றின் விசையால் சக்கரங்களை நிறுத்தும் அமைப்பாகும். பேருந்து, லாரி முதலிய கனரக ஊர்திகளில் இது பயன்படுகிறது. இக்காற்று குறையும்போது ஊர்தியின் பாதுகாப்பு என்னவாகும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செயற்பாடு

எஞ்சினால் இயங்கும் கம்பிரசர் காற்றைத் தொட்டிகளில் நிரப்புகிறது. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது அக்காற்று சக்கரங்களின் அருகிலுள்ள அறைகளுக்குச் சென்று தடுப்பியை இயக்குகிறது. மிதியை விட்டதும் அது வெளியேறிவிடும். பேருந்துகளில் கேட்கும் 'புஸ்' என்ற ஒலி பெரும்பாலும் இதுவே. எண்ணெய்த் தடுப்பியில் எண்ணெய் திரும்பி வருகிறது; இங்குக் காற்று ஒவ்வொரு முறையும் செலவாகிறது. எனவே இறக்கத்தில் அடிக்கடி மிதித்து விடுபவர், கசிவு இல்லாமலேயே அழுத்தத்தை இழக்கக்கூடும்.

அழுத்தம் குறையும்போது

ஐக்கிய அமெரிக்காவின் 121ஆம் எண் பாதுகாப்புத் தரத்தின்படி, அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 60 பவுண்டுக்குக் கீழே இறங்கினால் ஓட்டுநருக்கு எச்சரிக்கை கிடைக்க வேண்டும். மேலும் குறைந்து, பொதுவாக 20 முதல் 45 பவுண்டுக்குள் வரும்போது சுருள்வில் தடுப்பி தானாகப் பிடித்துக்கொள்கிறது. இதில் வலிமையான சுருள்வில் ஒன்றைக் காற்றே அமுக்கி வைத்திருக்கும். காற்று போனால் வில் விரிந்து தடுப்பியை இறுக்கும்.

இதனால் 'காற்று போனால் வண்டி தானே நின்றுவிடும்' என்று கருதப்படுவதுண்டு. இது பாதி உண்மையே. சுருள்வில்லும் அதே டிரம்மையும் அதே தேய்மானப் பட்டையையுமே நம்பியுள்ளது. அவை சூடேறியோ சரிசெய்யப்படாமலோ இருந்தால் இதன் பிடியும் தளர்ந்தே இருக்கும். ஓடும்போது திடீரெனப் பிடித்தால் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு ஊர்தி சறுக்கவும் கூடும். எச்சரிக்கை வந்தவுடன், கட்டுப்பாடு எஞ்சியிருக்கும்போதே பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவதே சரியானது.

தொடர்வண்டிகளில்

சியார்ச் வெசுட்டிங்கவுசு 1869இல் காப்புரிமை பெற்ற முதல் அமைப்பில், குழாய் அறுந்தால் தடுப்பியே இல்லாமற் போகும். அவரது 1872ஆம் ஆண்டுத் தானியங்கி அமைப்பு இதைத் தலைகீழாக்கியது: குழாயில் அழுத்தம் குறைந்தால் பெட்டிகளின் தடுப்பிகள் பிடிக்கும். எனினும் அவ்வாறு பிடிப்பதும் பெட்டியில் சேமித்த காற்றே. அதுவும் நாளடைவில் கசியும். ஆகவே நிறுத்திவைக்கும் வண்டிக்குக் கைத்தடுப்பி இன்றியமையாதது. 2013 சூலை 6 அன்று கனடாவின் லாக்-மெகாண்டிக் நகரில் 47 பேர் இறந்த விபத்தில், எஞ்சின் அணைக்கப்பட்டதால் கம்பிரசர் நின்று, எஞ்சின்களின் தடுப்பிகளைப் பிடித்திருந்த காற்று மெல்லக் கசிந்தது. இறுக்கப்பட்டிருந்த கைத்தடுப்பிகள் போதாமல், எண்ணெய் ஏற்றிய வண்டி சரிவில் உருண்டது.

சோதனை

அமெரிக்க ஓட்டுநர் தேர்வில், ஒற்றை ஊர்தியின் எஞ்சினை நிறுத்தி மிதியை அழுத்திப் பிடித்தால் முதல் வீழ்ச்சிக்குப் பின் ஒரு நிமிடத்தில் 3 பவுண்டுக்கு மேல் குறையக்கூடாது. சுருள்வில் அறையை முறையறியாது பிரிப்பது உயிருக்கே ஆபத்தாகும்.